வாயால் வாசிக்கச் சொன்னவர்

அவர் பெயரை இதில் எழுதப் போவதில்லை. ஆறு வருடம் என் கடையில் ஊரார் பெயர்களோடு மாரடித்தவர். ஒரு பெயர் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதில் ரொம்பக் கறார். கேட்காமல் போட்டால் தப்பு. கேட்டால், “எதுக்குத் தம்பி அதெல்லாம்” என்பார். ஆகவே அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் அவரைப் ‘புரூஃப் அக்கா’ என்றார்கள்.

எனக்கு ராஜபாளையத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் பேனர் அடித்துக் கொடுப்போம். வெளியூர்க்காரர்கள் பேனர் என்றால் படம் என்று நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் பேனர் என்றால் பெயர். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு ஓரமாகச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். மீதி இடம் முழுக்கத் தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, மச்சினன், அவர்கள் பெற்ற பிள்ளைகள். யாருக்கு அடுத்து யார், யார் பெயர் பெரிய எழுத்து, எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பத்தில் அடுத்த நல்லது கெட்டது வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

டிசைனராக அக்கா சுமார்தான். கொஞ்சம் இடம் கிடைத்தால் ரோஜாப்பூவைச் சொருகிவிடுவார். ஆனால் டிசைன் முடிந்தபிறகு அவர் செய்கிற ஒரு காரியம் இருக்கிறதே, அதை வேறு எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. வாடிக்கையாளரைக் கூப்பிட்டு மானிட்டருக்கு எதிரே உட்கார வைப்பார். “வாயால வாசிங்க” என்பார். கண்ணை ஓட்டிவிட்டு “சரிதான்க்கா, போடுங்க” என்றால் நடக்காது. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர்கள் வாசிக்கும்போது அக்கா திரையைப் பார்க்கமாட்டார். நாற்காலியைத் திருப்பிப்போட்டு, வாசிக்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்காவது ஒரு இடத்தில் வாய் லேசாக நின்றால் போதும், கையை நீட்டிவிடுவார்.

“தடுக்குது பாருங்க. மொதல்ல இருந்து வாசிங்க.”

கட்சியில் வட்டப் பொறுப்பில் இருந்த ஒருவர் தலைவர் வருகைக்கு பேனர் கொடுத்தார். நாற்பத்தாறு பெயர். வாசித்து முடிக்கும்போது கடைசி வரியில் குரல் இறங்கியது. அக்கா முதலில் இருந்து வாசிக்கச் சொன்னார். ஆள் கடுகடுவென்று இரண்டாம் தடவை வாசித்தார். அதே இடத்தில் இறங்கியது. மூன்றாம் தடவை நாற்பதாவது பெயரில் சட்டென்று நிறுத்தி, “ஏலே, எம்பேர எங்க?” என்றார். ஊர்ப் பெயரையெல்லாம் எழுதிக்கொடுத்தவர் தன் பெயரை எழுதவில்லை. அக்கா சிரிக்கவில்லை. “எந்த எடத்துல போடணும்?” என்று மட்டும் கேட்டார். அவர் போகும்போது எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு தடவை, பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற தேவதானத்துக்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வந்தார். விறைப்பான மனிதர். வாசிப்பதும் பரேடு மாதிரி இருந்தது. மகன்கள் பெயர் இரண்டு. முதல் பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு நின்றது. அக்கா அன்றைக்குத் திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை. “ஒரு வரி எடம் கெடக்கட்டும் ஐயா. சாயந்தரம் வரைக்கும் பிரிண்ட் போடல” என்றார். அவர் எழுந்து போனார். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, ஒரு துண்டுச் சீட்டில் மூத்த மகன் பெயரை எழுதி மேசையில் வைத்தார். அந்த மகன் என்ன செய்தான், ஏன் விட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா கேட்கவுமில்லை.

கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் விதிவிலக்கு. அதை அக்காவே மெதுவாக வாசிப்பார், வந்தவர்கள் கேட்டுக்கொண்டால் போதும்.

அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது. யாராவது பேசினால் வலது பக்கமாகத் திரும்பி, உதட்டைப் பார்ப்பார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். “பட்டாளத்துக் கை” என்றார். அவர் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் ஆறு வருடத்தில் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை.

மற்றது எனக்கு முன்பே தெரியும். அவர் பிறந்த வீடு மம்சாபுரம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். அக்காவை எந்த வீட்டில் கொடுத்தார்களோ, அதே வீட்டுப் பெண்ணை அக்காவின் அண்ணன் கட்டினார். அண்ணன் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு என் கடையில்தான் பேனர் அடித்தார்கள். அதில் அக்கா பெயர் அவர் வீட்டுக்காரர் பெயரோடு சேர்ந்து இருந்தது. அதற்கு அடுத்த வருடம் அக்கா ஒரு பையோடு அந்த வீட்டை விட்டு வந்துவிட்டார். அண்ணன் மனைவி, அதாவது மதினிக்கு, அது தன் சொந்த அண்ணனை அக்கா விட்டுவிட்டு வந்தது. தன் வீட்டு வாசலை அக்கா மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டார். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, பேனர் அடித்த பழக்கத்தில் என்னிடம் வேலை கேட்டு வந்தார். தினமும் பஸ் ஏறி வந்துபோவார்.

அண்ணனுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளையை ஐந்து வயது வரை அக்காதான் குளிப்பாட்டித் தலைசீவி விட்டிருக்கிறார். அது பெரியவளானதும் நடக்கிற சடங்குக்கு முதல் தண்ணீர் அத்தை ஊற்ற வேண்டும். “அதுக்கு மட்டும் கூப்பிட்டாப் போதும் தம்பி. ஒரு செம்புத் தண்ணி. ஊத்திட்டு வந்துருவேன்” என்று ஒருநாள் சொன்னார். அவர் எதையாவது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

இனி என் கதை. எனக்கு எதிலும் அவசரம். அக்கா ஒரு ஆளை வாசிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நாலு பேர் நிற்பார்கள். முகூர்த்த நாட்களில் வரிசை தெருவுக்குப் போய்விடும். இரண்டு பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். “அக்கா, கொஞ்சம் வெரசாப் பாருங்க” என்றால், “செத்த நேரம் இருங்க” என்பார். அந்தச் செத்த நேரம் எனக்கு உயிர் போகும்.

ஆடி மாதம் எங்கள் தொழிலில் ஈ ஓட்டுகிற மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்கு அடிக்க வேண்டியதை அடித்துவிட்டால், ஆவணி பிறக்கிறவரைக்கும் கல்யாணம் கிடையாது, சடங்கு கிடையாது. அந்த ஆடியில்தான் ஏஐ ஏஜென்ட் வைத்துச் சாப்ட்வேர் செய்கிற வீடியோக்களைப் பார்த்தேன். நான் படித்தது பி.காம். ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை என்றார்கள். ஒரு ஏஜென்டிடம் என்ன வேண்டும் என்று சொன்னேன், அது எழுதியது. இன்னொன்று அதில் குற்றம் கண்டுபிடித்தது. மூன்றாவது திருத்தியது. நான் நடுவில் டீ குடித்தேன். முதல் இரண்டு நாள் அது எழுதியது எதுவும் ஓடவில்லை. மூன்றாம் நாள் ஓடியது.

விஷயம் இதுதான். வாடிக்கையாளர் வாட்ஸப்பில் பெயர்களை எழுதியோ பேசியோ அனுப்பினால் போதும். சாப்ட்வேர் அதைப் பிரித்து, முறைப்படி அடுக்கி, டிசைனில் வைத்து, குறை இருந்தால் வாடிக்கையாளரிடமே கேட்டு, அவர் ‘சரி’ என்று ஒரு பொத்தானைத் தொட்டதும் பிரிண்டுக்கு அனுப்பிவிடும். ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் மாதச் சந்தா கட்டி வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு பெயரும் வைத்தேன். இங்கே சொன்னால் விளம்பரம் ஆகிவிடும்.

முறை என்ன என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமல்லவா. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

“நீங்க மனசுல வச்சிருக்கதையெல்லாம் சொல்லுங்கக்கா. நான் டைப் பண்ணி ஏஜென்டுக்குக் குடுத்துருதேன்.”

“அது யாரு?”

“யாருமில்லக்கா. கம்ப்யூட்டருக்குள்ள வேலைக்கு ஆள் வச்ச மாதிரி.”

“லீவு உண்டா?”

“கெடையாது.”

“பாவம்” என்றார். பிறகு ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். தன் வேலையைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. செத்தவர் பேருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ இருக்கிறதா பார். இரண்டு மருமகன் இருந்தால் எழுத்து ஒரே அளவா பார். பெரியவருக்கு முன்னால் சின்னவர் வந்துவிட்டாரா பார். நான் அடித்துக்கொண்டே போனேன்.

“தாய்மாமன்னு ஒரு பேரு தனியா நின்னா, பக்கத்துல அத்தை பேரு எங்கன்னு கேக்கச் சொல்லுங்க” என்றார். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நின்று சொன்னார். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக, “வாயால வாசிக்கச் சொல்லி மொகத்தப் பாக்கணும்” என்றார்.

“அதுக்கு மொகமெல்லாம் தெரியாதுக்கா.”

“அப்ப நேரத்தப் பாக்கச் சொல்லுங்க. கேட்ட கேள்விக்கு எம்புட்டு நேரம் முழிச்சிக்கிட்டு இருக்காவன்னு.”

அவர் மனம் கோணக்கூடாதே என்று அதையும் சேர்த்தேன். கேள்வி போன நேரம், பதில் வந்த நேரம் இரண்டும் பதிவாகும். பார்க்கத்தான் ஆள் கிடையாது. அதோடு என் கடையின் பழைய பேனர் கோப்புகள் அத்தனையையும் ஏற்றிவிட்டேன். ஒரு குடும்பம் மறுபடி வந்தால் பழைய பேனரைப் பார்த்து விட்டுப்போன பெயரை ஞாபகப்படுத்தும். ஆக மொத்தம் பதினோரு நாள். ஆவணி ஒன்றாம் தேதி மாவட்டத்து ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அறிவித்தேன். முதலில் சந்தாவுக்கு வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கும் என் பழைய சிநேகிதர் பாய். இரண்டே வாரத்தில், “வரிசையே இல்ல அண்ணாச்சி, கடையில ஒக்காந்து பேப்பர் படிக்கேன்” என்றார்.

என் கடையிலும் வரிசை இல்லை. அக்காவுக்கும் வேலை இல்லை. கைபேசியில் ‘சரி’ தொடத் தெரியாத வயசானவர்கள் ஒன்றிரண்டு பேர் வந்தால், நாற்காலியைத் திருப்பிப்போட்டு வாசிக்க வைப்பார்.

அந்த ஆவணியில்தான் அண்ணன் மகள் சடங்கு. அக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூரில், அவர் அறையிலிருந்து நடந்து போகிற தூரம். அன்றைக்கு லீவு போடுவார் என்று நினைத்தேன். காலை ஏழரைக்கே கடைக்கு வந்துவிட்டார். “அங்க இருந்தா மேளம் கேக்கும்” என்றார்.

அவர் பையை வைக்குமுன் பாய் போன் செய்தார்.

“அண்ணாச்சி, ஒங்க சாப்ட்வேர் ஒரு சோலி பாத்துருச்சு. மம்சாபுரத்துப் பார்ட்டி ஒண்ணு, சடங்கு பேனரு. விடியக்காலம் மண்டபத்து வாசல்ல கட்டியாச்சு. இப்ப அந்தப் பிள்ளையோட அம்மா வந்து பாத்துட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதிக்காவ. போடக்கூடாத பேரு ஒண்ணு விழுந்து கெடக்காம். இத மறைக்காட்டி எங்கண்ணன் சபைக்கு வரமாட்டாகன்னு ஒரே புடியா நிக்காவ. அந்தப் பிள்ளையோட அப்பா கம்ப்யூட்டர் பண்ணுன கோளாறுங்கார். என் மெஷின்ல ஸ்டிக்கர் ரோல் தீந்துபோச்சு. மேல ஒட்ட ஒரு துண்டு அடிச்சுக் கொண்டாங்க.”

“என்ன பேரு?” என்றேன்.

சொன்னார். நிமிர்ந்தால் அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்பேரா தம்பி?”

தலையாட்டினேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எனக்கு அப்போது வந்தது பரிதாபம் இல்லை, எரிச்சல். அதைச் சொல்லிவிடுகிறேன். சாப்ட்வேர் வெளியே போய் இரண்டு வாரம்தான் ஆகிறது. இது குழுவில் பரவினால் என் கதி என்ன? தப்பு என்னுடையது இல்லை என்று காட்டியாக வேண்டும். பதிவைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

“பாருங்கக்கா. தாய்மாமன், அதான் ஒங்க வீட்டுக்காரரு பேரு, தனியா நின்னுருக்கு. நீங்க சொன்னபடி அத்தை பேரு எங்கன்னு கேட்டிருக்கு. பழைய பால்காய்ச்சு பேனர எடுத்து, முன்னால இந்தப் பேரு இருந்ததே, சேக்கவான்னு கேட்டிருக்கு. ஒங்க அண்ணன் ‘சரி’ போட்டிருக்காரு. அவரு நம்பர்தான். கம்ப்யூட்டர் தானாப் போடல.”

அக்கா விரலை வைத்து அந்த வரியைப் படித்தார். “இது என்ன ரெண்டு நேரம்?”

“கேள்வி போன நேரம், பதில் வந்த நேரம். நீங்கதான சேக்கச் சொன்னீங்க.”

“எம்புட்டு?”

கணக்குப் பார்த்தேன். “பத்தொம்பது நிமிசம்.”

“மத்தவிய எம்புட்டு நேரம் எடுப்பாவ?”

“மூணு செகண்டு. யாரும் படிக்கதே இல்ல.”

“பத்தொம்பது நிமிசமா” என்று மறுபடி கேட்டார். என்னிடம் கேட்ட மாதிரித் தெரியவில்லை. அதற்குப்பிறகு கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்களை வாசிக்கிறவர் முகத்தைப் பார்ப்பாரே, அப்படி.

“அளவு கேளுங்க” என்றார்.

மூன்றடி நீளம், ஐந்து அங்குல உயரம். பாயின் டிசைனை வாங்கித் திறந்தார். தன் பெயர் இருந்த இடத்தில் பின்னணி அரக்கிலிருந்து மஞ்சளுக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தை அப்படியே வெட்டி எடுத்து, துண்டின் இரண்டு ஓரமும் சேரும்படி நிறத்தை மூன்று தடவை திருத்தினார். எனக்கானால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வியர்த்தது.

“அம்புட்டு வேண்டாம்க்கா. மறைஞ்சாப் போதும்.”

“ஒட்டுப் போட்டது தெரிஞ்சா நல்லாருக்காது. பிள்ளை பேனருக்கு முன்னால நின்னு போட்டோ எடுக்கும்.”

ஸ்டிக்கர் ரோலில் எங்களிடம் இரண்டு தினுசு உண்டு. ஒன்றுக்குப் பின்பக்கம் சாம்பல் நிறப் பசை. அடியில் உள்ள எழுத்தைச் சுத்தமாக மறைக்கும், வெயில் மழைக்கு அசையாது. பேனரில் தப்பு விழுந்தால் அதைத்தான் ஒட்டுவோம். இன்னொன்று ஜவுளிக்கடைக் கண்ணாடியில் தள்ளுபடி என்று ஒட்டிவிட்டு மறுவாரம் உரித்து எடுக்கிற தினுசு. வெளியில் ஒட்டினால் நாலு மழை தாங்காது. நான் இரண்டையும் மாற்றி வைத்தால் அக்காதான் சத்தம் போடுவார். அன்றைக்கு அவர் அந்த இரண்டாவது ரோலை எடுத்து மெஷினில் மாட்டினார்.

“அக்கா, ரோல் மாறிப்போச்சு.”

“இதுவே போதும் தம்பி. ரெண்டு அடுக்கா ஒட்டுங்க, எழுத்து தெரியாது.”

“நிக்காதேக்கா.”

“இன்னைக்கு நின்னாப் போதும்ல” என்றார்.

பதற்றத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். விவாதம் செய்ய நேரமில்லை. இரண்டு துண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வண்டியை விரட்டினேன்.

மண்டபத்து வாசலில் மதினி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பேனரை அண்ணாந்து பார்ப்பதும், ஒருவரை ஒருவர் பார்ப்பதும், உள்ளே போவதுமாக இருந்தார்கள். அண்ணன் எனக்காகவே நின்றவர்போல ஓடிவந்தார். “கம்ப்யூட்டரை நம்பிக் குடுத்தா இப்படித்தான் ஆகுது” என்று வாசல் வரை கேட்கும்படி சொன்னார். நான் கைபேசியில் பதிவைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. துண்டைக் கையில் வாங்கி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

“இது நிக்குமா?”

“இன்னைக்கு நிக்கும்.”

“போதும்” என்றார்.

ஒட்டுவதற்கு ஆள் இருந்தது. அவர் ஏணியை யாரிடமும் கொடுக்கவில்லை. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். இரண்டு அடுக்காக, குமிழ் விழாமல் ஒட்டினார். நிறம் அச்சாகப் பொருந்திவிட்டது. அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது என்று சொன்னால் நம்ப முடியாது.

கடைக்குத் திரும்பியதும் அக்கா கேட்டார். “பிள்ளையப் பாத்தீங்களா?”

“பாத்தேன். பேனர்ல இருக்க அதே பச்சைப் பட்டு.”

“தண்ணி யாரு ஊத்துனா?”

“அதுக்குள்ள முடிஞ்சிருந்துச்சுக்கா. தெரியல.”

“இருக்கட்டும்” என்றார். அன்றைக்குச் சாயந்தரம் வரை வேலை பார்த்தார். மில்லில் வேலை பார்க்கும் ஒருவர் கிரகப்பிரவேசத்துக்கு வந்தார். அவரை வாசிக்க வைத்து, மூன்றாவது வரியில் நிறுத்தி, முதலில் இருந்து வாசிக்கச் சொன்னார்.

ஐப்பசியில் அவர் நின்றுவிட்டார். “எனக்கு இங்க வேலை இல்லையே தம்பி. சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்கக் கூச்சமா இருக்கு” என்றார். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை பார்க்க ஆள் தேடினார்கள். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நின்றிருப்பாரா என்பது வேறு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது இப்போதும் உறுத்துகிறது.

சாப்ட்வேர் நன்றாகத்தான் போகிறது. கையால் செய்த காலத்தைவிடத் தப்பு குறைவு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அத்தை பெயரைக் கேட்கிற அந்த விதியை எடுத்துவிடும்படி பாய் இரண்டு தடவை சொன்னார். நான் எடுக்கவில்லை.

கார்த்திகையில், மழை ஓய்ந்த ஒருநாள், மம்சாபுரத்தில் ஒரு பால் டிப்போவுக்கு போர்டு அளவெடுக்கப் போனேன். திரும்பும்போது ரோட்டோரத்தில் ஒரு வீட்டுத் தொழுவம், பக்கத்தில் வைக்கோல் படப்பு. விசேஷம் முடிந்த பேனர்கள் எங்கள் பக்கம் படப்புக்குத்தான் போகும், மழைக்கு மூட. அச்சடித்த பக்கத்தை உள்ளே வைத்து வெள்ளைப் பக்கம் வெளியே தெரியத்தான் போடுவார்கள். இது மாற்றிப் போட்டிருந்தது. பச்சைப் பட்டில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினேன்.

அரக்கு மஞ்சளாக மாறுகிற இடத்தில் ஒட்டுத்துண்டு இல்லை. அதன் ஓரம் இருந்த அடையாளமாகப் பசைக்கோடு மட்டும் அழுக்குப் பிடித்துக் கிடந்தது. நடுவில் அத்தை என்ற வரி முழுசாக இருந்தது, ரோட்டைப் பார்த்து. தொழுவத்தில் அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மதினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படப்பு அவர் கண்ணுக்கு நேரே. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி கீரையைப் பார்த்தார்.

நான் கொஞ்சதூரம் தள்ளிப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் அச்சு மெஷின் சத்தம் கேட்டது.

“அக்கா, ஒரு புரூஃப் பாக்கணும்.”

“இருங்க, இந்தக் காதுல வச்சுக்கிடுதேன்” என்றார். மெஷின் சத்தம் குறைந்தது. வெளியே வந்திருக்க வேண்டும். “வாசிங்க.”

மேலிருந்து ஆரம்பித்தேன். விழாவின் பெயர். பிள்ளையின் பெயர். அப்பா, அம்மா. தாய்மாமன். அதற்கு அடுத்து அக்காவின் பெயர். அந்த இடத்தில், ஆறு வருடம் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் லேசாக நின்றது. ஒரு மாதிரி சமாளித்துச் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

“அக்கா?”

“தடுக்குது பாருங்க தம்பி” என்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. “மொதல்ல இருந்து வாசிங்க.”

நான் மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தேன்.